மறு: ‘மக்கும் உலோகக்கலவை’ சரியா?

> எலும்பில் பொருத்தி, பின் உடலிலேயே மறைந்துபோகும் மக்னீசியத் திருகாணிக்கான நோயாளி ஒப்புதல் படிவம் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ‘மக்கும் உலோகக்கலவை’ என்று போட்டிருக்கிறேன். மறுப்பு உண்டா?

உண்டு, ஐயா. மக்கச் செய்வது நுண்ணுயிரி. குப்பைப் பையில் ‘மக்கும்’ என்று படித்தவர் எலும்புக்குள் ஏதோ அழுகும் என்று பயப்படுவார். இங்கே நடப்பது அரிமானம், அதாவது துருப்பிடிப்பதுபோல் உலோகம் வேதிவினையால் சிதைவது. மக்னீசியம் உடல்நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடு ஆகிறது, ஹைட்ரஜன் வெளியேறுகிறது. ஒரு கிராம் உலோகத்துக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வாயு! ஹைட்ராக்சைடு படலம் காப்பாக நிற்கவேண்டும். உடல்நீரிலுள்ள குளோரைடு அதை அரித்துவிடுகிறது. திசு உறிஞ்சுவதைவிட வேகமாக வாயு வந்தால் திருகாணியைச் சுற்றித் தங்கும், எக்ஸ்ரேயில் கருமையாகத் தெரியும். ஆகவே ‘அரிமான உலோகக்கலவை’.

---

அரிமானம் என்றால் நோயாளிக்கு அரிப்பு, சொறிதான் நினைவுக்கு வரும். ‘உலோக’மும் வடசொல். உலோகத்துக்கு ‘மாழை’ என்ற சொல் உண்டு. ‘கரைமாழை’ என்று வினைத்தொகையாக வைப்போம்: கரைந்த, கரைகின்ற, கரையும் மாழை. முக்காலமும் அடங்கும், அறுவை முடிந்த நாள் தொடங்கி அதுதானே நடக்கிறது!

---

மாழைக்கு இளமை, அழகு, பொன் என்றெல்லாம் பொருள் இருக்க, கையெழுத்துப் போடுகிறவர் எதைக் கொள்வார்? ‘தேயும்’ என்றும் யாரும் சொல்லிவிடாதீர்கள். தேய்மானம் செயற்கை மூட்டில் உரசலால் வருவது. ‘கரையும்’ போதும். ஆனால் வேகத்தைச் சேர்த்து எழுதுங்கள். இட்ரியம் சுமார் 4%, மற்ற அருமண் தனிமங்கள் 3% கொண்ட டபிள்யூஇ43 கலவை மெல்லக் கரையும். அதுவே தூய மக்னீசியத்தில் இரும்பு மாசு பத்து லட்சத்தில் 170 பங்கு அளவைத் தாண்டினால் இரும்பும் மக்னீசியமும் சேர்ந்து நுண்மின்கலங்கள் (மிகச் சிறிய பேட்டரிகள்) உருவாகி அரிமானம் பாய்ச்சலெடுக்கும். எஃகு ஆணியோடு சேர்த்துப் பொருத்தவே கூடாது: 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பெல்ஜிய மருத்துவர் லாம்போத் அப்படிப் பொருத்திய மக்னீசியத் தகடு 8 நாளில் சிதைந்து, தோலுக்கடியில் வாயு திரண்டது.

---

சரி, படிவத்தில் ‘உடலில் மெல்லக் கரையும் உலோகக்கலவை’ என்றே போகட்டும், பெரும்பாலோர் அதையே சொல்கிறீர்கள். கலைச்சொல் பட்டியலுக்கு மட்டும் நான் ஒப்பவில்லை. நாளை இரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் இரும்பு ஸ்டென்ட்டுக்கும் இதே சொல்தான் வேண்டும். இரும்பு மிக மெதுவாக அரியும், அதன் ஆக்சைடு இரத்தக்குழாய்ச் சுவரிலேயே நெடுநாள் தங்கிவிடும். அங்கே எது கரைகிறது, அம்மா?