சீல் பிரிக்காத பழைய கேம் பெட்டிகள் உள்வாங்குகின்றன, என்ன செய்யலாம்?

எட்டுபிட்:
எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறேன். சீல் பிரிக்காத நின்டெண்டோ கேம்கள் 7 வைத்திருக்கிறேன். மூன்று பழைய நின்டெண்டோ கன்சோல்களுக்கானவை: என்.இ.எஸ். 4, சூப்பர் நின்டெண்டோ 2, நின்டெண்டோ 64 ஒன்று. 2003 வாக்கில் கடையை மூடிக்கொண்டிருந்த ஒருவரிடம் மொத்தமாக வாங்கியது. அப்போது இதையெல்லாம் யாரும் சீண்டமாட்டார்கள். அன்றிலிருந்து பேஸ்மென்ட் அலமாரியில்தான் கிடக்கின்றன.

போன வாரம் எடுத்துப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. என்.இ.எஸ். பெட்டிகளின் முன்பக்கம் உள்ளே குழிந்திருக்கிறது. மூலைகளை ஷ்ரிங்க் ராப் (சீலாகச் சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்) இறுக்கிப் பிடித்து நசுக்கியிருக்கிறது. பாதுகாப்புக்கு என்று பத்து வருடம் முன்னால் போட்ட பிளாஸ்டிக் உறைகள் பிசுபிசுக்கின்றன, ஒரு மாதிரி நாற்றம் வேறு. ஒரு பெட்டியில் ராப்புக்கு அடியில், கீழ் ஓரமாகச் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள்.

ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் ராப் தளரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இன்று இரவு செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். பழைய விலை ஸ்டிக்கர்களையும் கையோடு எடுத்துவிடலாமா?

கேசட்பிரியன்:
ஐயையோ, டிரையரைக் கீழே வையுங்கள். ஷ்ரிங்க் ராப்பை இழுத்து நீட்டிய நிலையில்தான் தயாரிக்கிறார்கள். சூடு பட்டால் பழைய அளவுக்குத் திரும்பச் சுருங்கும். ஃபேக்டரியில் பெட்டியைச் சுற்றி அதை இறுக்கியதே சூடுதான். நீங்கள் மறுபடி சூடு காட்டினால் மிச்சமிருக்கும் சுருக்கமும் வெளிவந்து, நசுங்கிய மூலை இன்னும் நசுங்கும்.

ஸ்டிக்கரும் இருக்கட்டும். ராப்பில் காற்று வெளியேறச் சின்னத் துளைகள் இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பசை கரைக்கிற எண்ணெய் அந்தத் துளை வழியே போனால் அட்டையில் படர்ந்து கறையாகிவிடும். அதை எடுக்க ராப்பைக் கிழிப்பதைத் தவிர வழியில்லை.

சுவடிக்காரர்:
தம்பி, பேஸ்மென்டில் ஈரப்பதம் எவ்வளவு என்று அளந்தீர்களா? கோடையில் ஒன்று, குளிர்காலத்தில் ஒன்று என இரண்டு எண் சொன்னால் போதும், பாதி விடை கிடைத்துவிடும்.

எட்டுபிட்:
ஹைக்ரோமீட்டர் இன்று 68 சதவீதம் காட்டுகிறது சார். ஜனவரியில் எடுத்த போட்டோ ஒன்றில் தற்செயலாக மீட்டரும் விழுந்திருக்கிறது, அதில் 27. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் அதே பேஸ்மென்டில்தான் இருக்கிறது.

சுவடிக்காரர்:
அப்படியென்றால் சந்தேகமே இல்லை. நான் பல வருடம் நூலகம் ஒன்றில் பழைய நூல்களைப் பாதுகாக்கும் பிரிவில் இருந்தவன். கேம் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அட்டையைத் தெரியும்.

அட்டை என்பது காகித நார்தான். காற்றில் ஈரம் ஏறினால் குடித்து உப்பும், ஈரம் குறைந்தால் விட்டுவிட்டுச் சுருங்கும். அது மட்டும் தனியாக இருந்தால் பெரிய தொல்லை இல்லை. உங்கள் பெட்டியைச் சுற்றி இருக்கும் ராப் ஈரத்துக்கு அசையாது. கோடையில் அட்டை பெருக்கப் பார்க்கிறது, ராப் இடம் கொடுப்பதில்லை, அதனால் முகம் உள்பக்கமாக வளைகிறது. பெட்டியின் வெளிப்பக்கம் பளபளப்புப் பூச்சு, உள்பக்கம் வெறும் அட்டை. ஈரத்தை அதிகம் குடிப்பது உள்பக்கம், ஆகவே வளைவு உள்நோக்கியே போகும். வருடத்துக்கு ஒரு தடவை 27-க்கும் 68-க்கும் இடையே போய் வந்தால் இருபது வருடத்தில் மடிப்புகள் களைத்துப்போகாமல் என்ன செய்யும்?

நிலையான 60-ஐவிட ஏறி இறங்கும் 27–68 மோசம். காகிதத்துக்கு 35 முதல் 50 வரை நல்லது. வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் ஒட்டி இருக்கட்டும். அதைவிட முக்கியம், எந்த எண்ணைப் பிடித்தாலும் அதிலேயே நிற்பது.

செய்ய வேண்டியது: பெட்டிகளைப் பேஸ்மென்டிலிருந்து மேலே கொண்டுவாருங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், குளிர்காலத்தில் அந்தச் சுவர் சில்லிட்டு ஈரம் வியர்க்கும். வீட்டின் நடுவில், வெயில் படாத, கதவு மூடிய அலமாரியாகப் பாருங்கள். ஒரே நாளில் கொண்டுபோய் வைக்காதீர்கள். முதலில் பேஸ்மென்டிலேயே காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் போட்டு வாரத்துக்கு ஐந்து சதவீதம் என்ற கணக்கில் இறக்குங்கள். 50 பக்கம் வந்ததும் மாற்றலாம். வளைவு கொஞ்சம் தளரும். முழுக்க நேராகாது, அந்த ஆசை வேண்டாம்.

பழுப்புப் புள்ளிகள் பூஞ்சையாக இருக்கலாம். ராப் இருக்கும்வரை அதைத் துடைக்க முடியாது. ஈரம் குறைந்தால் வளராமல் உறங்கிவிடும். அந்தப் பெட்டியை மற்றவற்றிடமிருந்து தள்ளியே வையுங்கள்.

மீட்டரையும் நம்பிவிடாதீர்கள். பாட்டில் மூடி ஒன்றில் உப்புப் போட்டு, கரையாத அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஜிப் கவரில் ஒரு இரவு மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மீட்டர் ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று பொருள்.

கேசட்பிரியன்:
பிசுபிசுக்கும் உறை பிவிசி என்ற பிளாஸ்டிக்தான், வேறென்ன. அதை வளைய வைக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து வருகிறது. அதை உருவி எடுக்க முயல வேண்டாம், ராப்போடு ஒட்டியிருந்தால் ராப்பும் வந்துவிடும். மொட்டை முனைக் கத்தரியால் உறையின் விளிம்பை வெட்டி, பெட்டியை அசைக்காமல் உறையைப் பிரியுங்கள். புதிதாக வாங்கும்போது பெட் (PET) பிளாஸ்டிக், அரை மில்லிமீட்டர் கனம் என்று கேட்டு வாங்குங்கள். மறுசுழற்சி எண் போட்டிருந்தால் 1 பெட், 3 பிவிசி. கொஞ்சம் தளர்வான அளவே எடுங்கள், மூலை உரசக் கூடாது.

பெட்டிகளைப் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வேண்டாம். முக்கியமாக அந்த 64. உள்ளே அட்டைத் தட்டும், கேம் இருக்கும் கார்ட்ரிட்ஜும்தான், மிச்சமெல்லாம் காற்று. மேலே எது வைத்தாலும் பொசுக்கென்று அமுங்கிவிடும்.

சாங்கிக்காற்று:
சிங்கப்பூரிலிருந்து. எங்களுக்கு வருடம் முழுக்க ஈரம்தான். நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லை அள்ளிக் கொட்டி, மூன்று மாதம் கழித்துத் திறந்தால் ஈரப்பதம் 18. சுவடிக்காரர் சொன்னதன் தலைகீழ் நடந்திருந்தது. பெட்டியின் முகம் வெளியே உப்பி, ஒரு மூலையில் ராப் விரிசல் விட்டிருந்தது. சிலிக்கா ஜெல்லுக்கு நிறுத்தத் தெரியாது, கிடைப்பதையெல்லாம் குடிக்கும். இப்போது கேமராக்காரர்கள் வைத்திருக்கும், ஈரப்பதத்தை ஒரே அளவில் நிறுத்தும் டிரை கேபினெட்டில் 48 வைத்துவிட்டேன். டப்பாதான் வேண்டும் என்றால், ஈரத்தை வாங்கவும் விடவும் செய்கிற 49 சதவீதப் பாக்கெட்டுகள் கிடைக்கின்றன, அவற்றைப் போடுங்கள்.

ஜாய்ஸ்டிக்_ஜமீன்:
நான் ஒன்று கேட்கலாமா? பிரித்து விளையாடிவிட்டால் என்ன? கேம் விளையாடத்தானே. 2021 ஜூலையில் சீல் பிரிக்காத ஒரு சூப்பர் மேரியோ 64 ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனதிலிருந்து எல்லோரும் அட்டைப்பெட்டிக்குக் காவல் இருக்கிறார்கள். பேட்டரியில் சேமிக்கிற கார்ட்ரிட்ஜ் என்றால் உள்ளே அந்த பேட்டரி இந்நேரம் செத்திருக்கலாம்.

கேசட்பிரியன்:
பேட்டரி செத்தால் மாற்றலாம் ஜமீன். பிரித்த பெட்டியை மறுபடி சீல் பண்ணினால் அதற்குப் பெயர் போலி. என்.இ.எஸ். ராப்பின் பின்பக்கம் குறுக்கே ஓடும் ஒட்டுக்கோட்டை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். எட்டுபிட், ராப் தளர்ந்தாலும் புது ராப் சுற்றும் யோசனை மட்டும் வேண்டாம்.

எட்டுபிட் (ஒன்பது வாரம் கழித்து):
எல்லோருக்கும் நன்றி. உப்புச் சோதனையில் என் மீட்டர் 71 காட்டியது. அப்படியென்றால் அன்றைய 68 உண்மையில் 72! உறைகளை வெட்டியே எடுத்தேன். ஒன்றில் ராப்மேல் பிசுக்கு இருக்கிறது, தொடவில்லை. மெதுவாக இறக்கி, போன வாரம் மேலே ஹாலை ஒட்டிய கோட் அலமாரிக்கு மாற்றினேன். இப்போது 47. இரண்டு என்.இ.எஸ். பெட்டிகளில் குழிவு பாதியாகக் குறைந்திருக்கிறது. மூன்றாவதில் ஒரு மாற்றமும் இல்லை. புள்ளி விழுந்தது தனியாக இருக்கிறது, புதுப் புள்ளி வரவில்லை. ஸ்டிக்கரை விட்டுவிட்டேன்.

ஒரே சிக்கல், பனி வரப்போகிறது, கோட்டை எங்கே மாட்டுவது என்று வீட்டில் கேட்கிறார்கள். மேல்தட்டில் பெட்டி, கீழே கோட் என்று பிரித்துக்கொள்ளலாமா?

சுவடிக்காரர்:
வேண்டாம் தம்பி. பனியில் நனைந்த கோட்டை மூடிய அலமாரிக்குள் மாட்டினால் அந்த ஈரம் முழுக்க மேல்தட்டுக்குத்தான் போகும். கோட்டுக்கு வாசல் பக்கம் சுவரில் நாலு கொக்கி அடித்துக்கொடுங்கள்.