சிங்கப்பூரில் இருந்துகொண்டு கணவருக்கு அமெரிக்கக் குடியேற்ற விசா எடுத்த அனுபவம்

நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள். வேலை சிங்கப்பூரில். கணவருக்குச் சொந்த ஊர் மதுரை; அவரும் இங்கேதான் வேலை பார்க்கிறார். கல்யாணம் முடிந்து கொஞ்ச காலத்தில் அமெரிக்காவுக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்து விண்ணப்பித்தோம். போன வாரம் விசா கைக்கு வந்தது. இதைப் பற்றித் தமிழில் தேடியபோது கிடைத்ததெல்லாம் ‘கணவன் அமெரிக்காவில், மனைவி ஊரில்’ என்ற நிலையில் இருப்பவர்களுக்கானது. இரண்டு பேருமே வெளிநாட்டில் இருந்தால் சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறவர்களுக்குக் கல்யாணம் உண்மையானது என்று காட்டுவது பெரிய வேலை இல்லை. வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கும், வங்கிக் கணக்கு ஒன்றாக இருக்கும், தீபாவளிக்கு ஊருக்குப் போன விமான டிக்கெட் இருக்கும். கல்யாண ஆல்பத்தை முழுசாக ஏற்றவும் தேவையில்லை. தாலி கட்டும் படம், இரண்டு வீட்டாரும் சேர்ந்து நிற்கும் படம், அப்புறம் வேறு வேறு காலத்தில் எடுத்த சில படங்கள், அவ்வளவு போதும். எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது வேறொன்று: குடியுரிமை வைத்திருக்கும் நீ உண்மையிலேயே அமெரிக்காவுக்குத் திரும்பி வரப்போகிறாயா? வருமானத்துக்கு என்ன வழி?

முதல் படி ஐ-130 மனு, அதாவது இவர் என் கணவர் என்று காட்டி அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குக் கொடுப்பது. முன்பெல்லாம் வெளிநாட்டில் வசிக்கும் அமெரிக்கர்கள் பல ஊர்களில் அங்கிருந்த குடியேற்ற அலுவலகத்திலேயே இதைக் கொடுக்க முடிந்தது. 2020 பிப்ரவரி முதல் பொதுவாக ஆன்லைனிலோ அமெரிக்காவுக்குத் தபாலிலோதான் அனுப்ப வேண்டும். தூதரகம் நேரடியாக வாங்குவது விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டும். நான் ஆன்லைனில் போட்டேன், கட்டணம் 625 டாலர். காகிதத்தில் அனுப்பினால் 675. கணவருக்காக ஐ-130ஏ என்று இன்னொரு படிவம் உண்டு, அதையும் சேர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கல்யாணம் செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்திரிகையும் மண்டப ரசீதும் கோயில் சீட்டும் துணைச் சான்றுதான். பதிவுச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் அபராதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. லீவு முடிந்து விமானம் ஏறுவதற்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் இதை முடித்துவிடுங்கள்.

அதோடு நம் ஊர் இனிஷியல் விவகாரம். என் கணவரின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் மட்டும் தனியாக. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்பு உறுதிமொழிப் பத்திரம் எழுதி, கேட்பதற்கு முன்பே சேர்த்துவிட்டோம். பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மனு ஏற்கப்பட ஒரு வருஷத்துக்கும் மேல் ஆனது. அதன் பிறகு கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே விசாக் கட்டணம் 325, ஆதரவு உறுதிப் பத்திரத்துக்கு 120 டாலர். டிஎஸ்-260 என்கிற விசா விண்ணப்பப் படிவத்தை ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம். வருகிறவருக்குப் பண ஆதரவாக இருப்பேன் என்று பொறுப்பேற்று எழுதிக் கொடுக்கும் ஐ-864 என்கிற ஆதரவு உறுதிப் பத்திரம்தான் எங்களை உலுக்கி எடுத்தது.

அதில் இரண்டு கேள்வி. ஒன்று வருமானம். வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீதம் காட்ட வேண்டும். 2025 அட்டவணைப்படி இரண்டு பேர் குடும்பத்துக்கு அது 26,437 டாலராக இருந்தது. என் சிங்கப்பூர்ச் சம்பளம் அதைவிட நன்றாகவே அதிகம். ஆனால் அது கணக்கில் வராது! அமெரிக்கா போனதும் நின்றுவிடும் சம்பளம் ஆயிற்றே. அதே வேலையிலிருந்து தொடர்ந்து வரும் என்று காட்ட முடிந்தால்தான் சேரும். சேமிப்பைக் காட்டலாம், ஆனால் குடியுரிமை உள்ளவர் துணைக்கு விண்ணப்பிக்கும்போது, குறைகிற தொகையைப் போல மூன்று மடங்கு வேண்டும். இரண்டுக்கும் வழியில்லை என்றால், அமெரிக்காவில் வசிக்கும் குடியுரிமைக்காரரோ கிரீன் கார்டுக்காரரோ கூட்டு ஆதரவாளராகக் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு நியூ ஜெர்சியில் சித்தப்பா இருக்கிறார். கேட்டால் மறுக்க மாட்டார் என்று தெரியும்; அதனாலேயே கேட்கத் தயக்கமாக இருந்தது. ஏனென்றால் இது பேருக்குப் போடும் கையெழுத்து இல்லை. என் கணவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது சமூகப் பாதுகாப்புக் கணக்கில் 40 காலாண்டு வேலை சேரும்வரை பொறுப்பு நீடிக்கும். வீடியோ அழைப்பில் படிவத்தைத் திரையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பத்தியாகச் சொன்னேன். சித்திதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூடவே படித்து வந்தார்.

“நாளைக்கு உங்களுக்குள்ள ஒத்துவராமப் பிரிஞ்சுட்டா?”

“அப்பவும் பொறுப்பு போகாது சித்தி. விவாகரத்து ஆனாலும் சித்தப்பா கையெழுத்து நிக்கும்.”

சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “இதையெல்லாம் நீயே சொல்றியே, அதுக்கே போடலாம்மா” என்றார். அன்று ராத்திரியே வருமான வரி நகல் வந்து சேர்ந்தது. உறவினரிடம் கையெழுத்துக் கேட்கிற எல்லாரும் இப்படி முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டி’ என்று சொல்லி வாங்குவது ரொம்பத் தப்பு. கூட்டு ஆதரவாளருக்குக் குடும்ப எண்ணிக்கை அவர் வீட்டு ஆட்களோடு நம் ஆளையும் சேர்த்து வரும் என்பதையும் கவனியுங்கள். சித்தப்பா வீட்டில் நான்கு பேர், என் கணவரோடு ஐந்து. தேவைப்பட்ட தொகை 47,062 டாலர்.

இரண்டாவது கேள்வி டொமிசைல், அதாவது அமெரிக்காதான் என் நிரந்தர இருப்பிடம் என்பது. கூட்டு ஆதரவாளர் கிடைத்துவிட்டால் இது தீர்ந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தீராது. மனுப் போட்டவர் தன் பங்குக்கும் ஐ-864 கொடுத்தாக வேண்டும், தன் டொமிசைலையும் காட்டியாக வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், துணை உள்ளே நுழையும் நாளுக்குள் தானும் அங்கே குடியிருப்பை மீண்டும் அமைத்துக்கொள்வேன் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். துணைக்கு முன்னால் போகலாம், கூடவே போகலாம். அவரை அனுப்பிவிட்டுப் பிறகு நிதானமாகப் போகிற கதை நடக்காது.

நான் கொடுத்தவை: விடாமல் வைத்திருந்த அமெரிக்க வங்கிக் கணக்கு, நியூ ஜெர்சி ஓட்டுநர் உரிமம், வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கப் பதிந்த சான்று, ஒவ்வொரு வருஷமும் தாக்கல் செய்த வருமான வரி விவரம். வெளிநாட்டில் சம்பாதித்தாலும் அமெரிக்கர்கள் வரித் தாக்கல் செய்ய வேண்டும். கட்ட வேண்டிய வரி பூஜ்யம் ஆனாலும் தாக்கலைத் தவிர்க்காதீர்கள், இந்த விசாவில் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இவ்வளவும் கொடுத்த பிறகும் கூடுதல் சான்று கேட்டுச் செய்தி வந்தது. அப்போது வேலைக்கு விண்ணப்பித்த மின்னஞ்சல்கள், இங்கே வீட்டைக் காலி செய்ய உரிமையாளருக்கு எழுதிய கடிதம், சாமான் அனுப்ப வாங்கிய விலைப்பட்டியல், நாங்கள் வந்து தங்கலாம் என்று சித்தப்பா எழுதிக் கொடுத்தது எல்லாவற்றையும் ஏற்றினேன். அதோடு ஏற்கப்பட்டது.

நேர்காணல் நேப்பியர் சாலையில் உள்ள தூதரகத்தில். கணவர் மட்டும்தான் உள்ளே போனார். வலது கையை உயர்த்தி உறுதிமொழி, பிறகு கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேள்விகள். எப்படிச் சந்தித்தீர்கள் என்று ஒன்று கேட்டார்களாம். மீதியெல்லாம் என்னைப் பற்றி: மனைவி எப்போது கிளம்புகிறார், இங்கே வேலையை விடுகிறாரா, அங்கே யார் வீட்டில் தங்குவீர்கள். நான் ஏற்றிய காகிதம் ஒவ்வொன்றையும் அவரும் படித்து வைத்திருந்ததால் தடுமாறாமல் சொல்லிவிட்டார். மனுப் போடாதவரும் கோப்பு முழுவதையும் ஒரு தடவையாவது வாசித்துவிட்டுப் போக வேண்டும்.

துபாயிலிருந்து ஒரு பகிர்வு:

அக்கா, எங்கள் கதை கொஞ்சம் வேறு. அமெரிக்கக் குடியுரிமை என் மனைவிக்கு. அவர் கம்பெனி திடீரென்று ஹூஸ்டன் அலுவலகத்துக்கு மாற்றிவிட்டது, சீக்கிரம் போய்ச் சேர வேண்டிய நிலை. நீங்கள் சொன்ன விதிவிலக்கில் இப்படி அவசரமாக வரும் வேலை மாற்றமும் ஒன்று. மாற்றல் கடிதத்தோடு எழுதிக் கேட்டதில் மனுவை இங்கேயே வாங்கிக்கொண்டார்கள். அதே கம்பெனி, சம்பளம் தொடர்கிறது என்பதால் மனைவியின் வருமானமே கணக்கில் சேர்ந்தது. டொமிசைலுக்கும் அந்தக் கடிதமே ஆதாரம் ஆகிவிட்டது. கேட்டால் கிடைத்துவிடும் என்று இல்லை, தூதரகம் பார்த்து முடிவு செய்வதுதான். ஆனால் அப்படிப்பட்ட கடிதம் கையில் இருப்பவர்கள் கேட்காமல் விட வேண்டாம்.

எனக்கு அலைச்சல் வந்தது போலீஸ் சான்றிதழில். 16 வயதுக்குப் பிறகு ஒரு வருஷமோ அதற்கு மேலோ இருந்த நாடு ஒவ்வொன்றிலிருந்தும் வேண்டும். சொந்த நாட்டுக்கும் இப்போது இருக்கும் நாட்டுக்கும் ஆறு மாதம் தாண்டினாலே வேண்டும். நான் வளைகுடாவில் இன்னொரு நாட்டிலும் வேலை பார்த்தவன். அங்கிருந்து வந்த பிறகு கைரேகை எடுத்து, அதற்குச் சான்றொப்பம் வாங்கி, அங்கே இருக்கும் நண்பரிடம் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. வளைகுடாவில் வேலை மாறும் தம்பிகள், விசா ரத்து ஆவதற்கு முன்பே அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழை எப்படி வாங்குவது என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

ரொறன்ரோவிலிருந்து:

கனடாவில் இது வேறு மாதிரி என்பதால் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்துவிட்டு அங்கேயே கணவருடன் இருந்தபடி நான் ஸ்பொன்சர் செய்தேன். கனடாக் குடியுரிமை இருந்ததால்தான் அது முடிந்தது. துணைக்கு நிரந்தர வதிவிடம் கிடைக்கும்போது கனடாவில் வந்து வாழ்வேன் என்று காட்டினால் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் இருந்தும் விண்ணப்பிக்கலாம். நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவருக்கு அந்த வழி இல்லை, அவர் கனடாவில் இருந்தே ஆக வேண்டும். என் தங்கையின் நிலை அதுதான். கலியாணத்துக்குப் பிறகு கணவருடன் கொழும்பில் இருந்தவள், அவரை விட்டுவிட்டுத் திரும்பி வந்துதான் விண்ணப்பம் போட்டாள். கைக்குழந்தையுடன் அவள் தனியே இங்கு இருந்த காலத்தை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது. கலியாணத் திகதி குறிக்கும்போதே இதையும் கதைத்து முடிவு எடுங்கள்.

ஒரு கேள்வி: அக்கா, எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆக இன்னும் சில வாரம் இருக்கிறது. விசா வந்துவிட்டது. உடனே போகலாமா?

தம்பி, விசா செல்லுபடியாகும் கடைசித் தேதியை முதலில் பாருங்கள். பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனை நாளிலிருந்து ஆறு மாதம் இருக்கும். நேரம் இருந்தால் இரண்டாம் ஆண்டு நிறைவு முடிந்த பிறகு நுழையுங்கள். அதற்கு முன்னால் நுழைந்தால் நிபந்தனையோடு இரண்டு வருஷக் கிரீன் கார்டுதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவைப் போட்டு, சேர்ந்து வாழ்வதற்கான ஆதாரத்தை மறுபடி முதலிலிருந்து காட்ட வேண்டும். இரண்டு வருஷம் கடந்து நுழைந்தால் நேராகப் பத்து வருஷக் கார்டு. உங்கள் விசாவில் நிபந்தனை வகையான சிஆர்-1 என்றுதான் அச்சாகியிருக்கும். கல்யாணப் பதிவுச் சான்றிதழைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, விமான நிலையத்தில் இருக்கும் அலுவலரிடம் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவர் அங்கேயே நிபந்தனை இல்லாத ஐஆர்-1 என்று மாற்றிப் பதிவு செய்வார். கிளம்புவதற்கு முன் ஆன்லைனில் 235 டாலர் குடியேற்றக் கட்டணத்தையும் கட்டிவிடுங்கள், அதைக் கட்டினால்தான் கார்டு வீட்டுக்கு வரும்.