ஃபெஸ்டினியோக் சிறுபாதை: எந்த மேலாளருக்கு மாலை?

இருப்புப்பாதை:
வட வேல்ஸில் பிளைனாவ் ஃபெஸ்டினியோக் ஸ்லேட் கல்குவாரிகளிலிருந்து போர்த்மடோக் துறைமுகம் வரை 13½ மைல் பாதை. தண்டவாள இடைவெளி 597 மி.மீ., அதாவது இரண்டடிக்கும் கொஞ்சம் குறைவு. 1836-ல் ஓட ஆரம்பித்தது, 1946-ல் நின்றது, 1955-ல் மறுபடி கிளம்பியது. இத்தனை காலத்தில் வந்த மேலாளர்களில் பெரியவர் யார் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, சார்ல்ஸ் ஈஸ்டன் ஸ்பூனர்தான். 1856-ல் அப்பா இறந்ததும் பொறுப்பேற்றார். 1863-ல் நீராவி எஞ்சின், 1865-ல் பயணிகள் வண்டி, 1869-ல் இரட்டை ஃபேர்லி எஞ்சின், 1872-ல் இரும்புச் சட்டம் போட்ட போகி (தனியாகத் திரும்பும் சக்கரத் தொகுதி) பெட்டிகள். அந்த மாதிரிப் பெட்டி பிரிட்டனிலேயே அதுதான் முதல். பின்னால் வந்தவர்கள் அவர் வைத்துவிட்டுப் போனதை ஓட்டினார்கள், அவ்வளவுதான்.

சரிவுமானி:
மகனைப் பற்றி எழுதிவிட்டு அப்பாவை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே. ஜேம்ஸ் ஸ்பூனர் அளந்து போட்ட சரிவு இல்லையென்றால் மகனுக்கு வேலையே இல்லை. குவாரி ஊரிலிருந்து கடல் மட்டம் வரை ஏறத்தாழ 700 அடி இறக்கம். அதை மலைப்பக்கத்தை ஒட்டி வளைத்து வளைத்துக் கொண்டுவந்து சராசரி 92-க்கு 1, அதாவது 92 அடி ஓடினால் 1 அடி இறக்கம், ஆக்கினார். நடுவில் எங்கும் ஏற்றம் வரக்கூடாது என்பதுதான் திட்டம். கல் ஏற்றிய வேகன்களைக் கோத்து பிரேக்கைத் தளர்த்தினால் போதும், எடையே இழுத்துக்கொண்டு போகும். பிரேக் இல்லாத வேகன்களும் உண்டு. பிரேக்காரர்கள் ஓடுகிற வண்டியின் மேலேயே வேகனுக்கு வேகன் தாவி, தேவையான நெம்புகோலை அழுத்துவார்கள். வெற்று வேகன்களை மேலே இழுக்கும் குதிரைகளும் இறங்கும்போது தனி வேகனில் நின்றபடி சவாரி! சுமையோடு இறங்கச் செலவு பூஜ்யம். இதற்கு மேல் ஒரு மேலாளர் என்ன செய்துவிட முடியும்?

இருப்புப்பாதை:
"நடுவில் எங்கும் ஏற்றம் கிடையாது" என்பது 1842-ல் மோயல்வின் சுரங்கப்பாதை (730 கெஜம்) திறந்த பிறகுதான் உண்மை, ஐயா. அதுவரை அந்த மலையைத் தாண்ட சாய்தளம் வைத்து, நீர்ச்சக்கரத்தால் வேகன்களை மேலே இழுத்தார்கள். இறங்க ஒன்றரை மணி நேரம் சரி. ஏற? குதிரைக்கு 5 மணி 50 நிமிடம். வெற்று வேகன் மேலே திரும்பினால்தான் அடுத்த லோடு இறங்கும். ஆக பாதையின் கொள்ளளவைத் தீர்மானித்தது குதிரையின் கால்தான். குவாரிகள் பெருகப் பெருக அந்தக் கழுத்து இறுகியது. அதை அவிழ்த்தவர் மகன். அதிலும் இறக்கத்துக்கு எஞ்சினை வீணாக்கவில்லை. ஏற்றத்துக்கு நீராவி, இறக்கத்துக்குப் பழையபடி ஈர்ப்பு. அந்த முறை 1939 வரை நீடித்தது.

பாய்லர்பாண்டி:
ரெண்டு பேரும் ஃபேர்லி எஞ்சினுக்குள் போகவே இல்லை. கொஞ்சம் உள்ளே போவோம்.

முதலில் வந்தவை ஜார்ஜ் இங்கிலாந்து கம்பெனியின் நான்கு சக்கர எஞ்சின்கள். அச்சுகள் நெருக்கம், இரண்டு முனையிலும் எடை நீட்டிக்கொண்டிருக்கும். வேகம் கூடினால் தலையாட்டும், அந்த அடி தண்டவாள இணைப்புகளில் விழும். எஞ்சினைப் பெரிதாக்கலாம் என்றால் பாதையின் வளைவு விடாது. வடிவமைப்பாளர் ராபர்ட் ஃபேர்லியின் வழி: ஒரே நீளப் பாய்லர், இரண்டு கோடியிலும் புகைப்பெட்டி, நடுவில் நெருப்பு, கீழே தனித்தனியாகத் திரும்பும் இரண்டு போகிகள். எஞ்சினின் எடை முழுவதும் உந்து சக்கரங்கள் மேலேயே உட்காரும். வளைவில் போகி திரும்பும், பாய்லர் நேராக நிற்கும்.

இப்போது கோளாறுகள். ஒன்று, நெருப்பறை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே அறை வைத்தால், ஒரு புகைப்பெட்டியின் இழுப்பு மற்றதன் இழுப்பைக் கெடுக்கும். ஒரு பக்கம் கொதிக்கும், மறுபக்கம் மந்தம். அதனால் வெளி உறை ஒன்று, உள்ளே அறை இரண்டு, நடுவில் தண்ணீர்ச் சுவர். இரண்டு, நீராவிக் குழாய். பாய்லர் அசையாது, சிலிண்டர் திரும்பும். நடுவிலுள்ள அசையும் மூட்டு தேய்ந்தால் கசிவுதான். ஏற்றத்தில் அழுத்தம் தேவைப்படும் நேரத்தில் அது காற்றோடு போகும். மூன்று, ஓட்டுநர் ஒரு பக்கம், நெருப்பு போடுபவர் மறுபக்கம், நடுவில் சுடச்சுடப் பாய்லர். கண்ஜாடை கூட முடியாது.

இவ்வளவும் சேர்ந்து, இந்தப் பாதையின் முதல் இரட்டை ஃபேர்லியான லிட்டில் வொண்டர் 1869-ல் வந்தது, 1882-ல் ஓய்வு. 13 வருஷம். உலகமே வந்து வேடிக்கை பார்த்த எஞ்சின் அது. 1870 பிப்ரவரி சோதனை ஓட்டத்துக்கு ரஷ்யக் குழுவே வந்தது. ஓடினது 13 வருஷம்!

இருப்புப்பாதை:
முதல் மாதிரியின் ஆயுளை வைத்து முடிவு கட்டலாமா பாண்டி? கம்பெனியின் சொந்தப் பட்டறையான பாஸ்டன் லாட்ஜில் 1879-ல் செய்த மெர்தின் எம்ரிஸ் என்ற இரட்டை ஃபேர்லி இன்னும் ஓடுகிறது. தேய்ந்த பாகத்தை வெளியிலிருந்து வாங்காமல் தாங்களே செய்கிற திறன் அப்போதே வந்துவிட்டது. அதோடு ஃபேர்லி தன் காப்புரிமையை இந்தக் கம்பெனிக்குக் கட்டணமில்லாமல் விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு அவர் கேட்டது, இந்தப் பாதையை விளம்பரத்துக்குக் காட்டிக்கொள்ளும் அனுமதி. பேரம் என்றால் இது பேரம்.

கணக்குப்புள்ளி:
எஞ்சினை விட்டு வரவு செலவுக்கு வாங்க. 1879-ல் லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் கம்பெனி நீண்ட சுரங்கம் குடைந்து பிரிட்டனின் வழக்கமான ஸ்டாண்டர்டு அளவுப் பாதையோடு பிளைனாவுக்கே வந்துவிட்டது. 1883-ல் பாலா பக்கத்திலிருந்து இன்னொரு பாதை. குவாரிக்காரன் ஏன் கல்லைக் கப்பலுக்கு இறக்க வேண்டும்? வாசலிலேயே வேறு வண்டி ஏற்றி லண்டனுக்கு அனுப்பிவிடுவான். ஸ்பூனரின் பெருமைக்குரிய ஆண்டுகள் எல்லாம் போட்டி இல்லாத ஆண்டுகள். வந்த பிறகு அவரிடமும் பதில் இல்லை. வடக்கு வேல்ஸ் சிறுபாதைக் கம்பெனியிலும் அவர் கை உண்டு, அது கடைசி வரை தேறவில்லை. ஏகபோகத்தில் ஓட்டியவருக்கு மாலை, நட்டத்தில் ஓட்டியவர்களுக்கு ஏச்சு என்றால் நியாயமில்லை.

சரிவுமானி:
நட்டத்தில் ஓட்டியவர் என்றால், 1920-களில் பாதையை நடத்திய கர்னல் ஸ்டீபன்ஸைச் சொல்கிறீர்களா? பெட்ரோல் எஞ்சின் கொண்டுவந்தது சரி. முதல் உலகப் போர் முடிந்து மிச்சமான சிம்ப்ளெக்ஸ், பால்ட்வின் வண்டிகள் மலிவு. சின்ன வேலைக்கு ஒரு பாய்லரை மணிக்கணக்கில் சூடேற்ற வேண்டியதில்லை. ஆனால் ரஸ்ஸல் எஞ்சின் கதை தெரியுமல்லவா? 1906-ல் செய்த, பக்கத்துச் சிறுபாதையான வெல்ஷ் ஹைலேண்டின் எஞ்சின். ஃபெஸ்டினியோக் பாதையிலும் ஓடட்டும் என்று 1924-ல் கேபின், புகைபோக்கி, டோம் (பாய்லர் மேலுள்ள நீராவிக் கும்மட்டம்) எல்லாவற்றையும் வெட்டிக் குறைத்தார்கள். வெட்டி முடித்துப் பார்த்தால் மோயல்வின் சுரங்கத்துக்குள் அப்போதும் நுழையவில்லை! சுரங்கத்தின் குறுக்களவை மரச்சட்டத்தில் அடித்து எஞ்சினோடு ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

கணக்குப்புள்ளி:
வெட்டினது தப்புதான். அந்த நாளில் கையில் இருந்ததை வைத்துச் சமாளித்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்விளக்கு:
1955-க்குப் பிறகு யாரும் பேசவில்லையே. ஆலன் கேரவே அந்த வருஷம் மேலாளர், 1958 முதல் பொது மேலாளர், 1983 வரை. பாதையின் மேல்பகுதியை மின்சார வாரியம் நீர்த்தேக்கத்துக்கு எடுத்துக்கொண்டு பழைய சுரங்கத்தின் வடமுனையை மூழ்கடித்தது. அப்போது இரண்டு வழிதான்: பாதியோடு நிற்பது, அல்லது புதிதாகச் சுற்றிப் போவது. டியால்ட் என்ற இடத்தில் ஒரு சுழல் போட்டு 35 அடி உயர்த்தி, புதுச் சுரங்கம் குடைந்து, 1978-ல் டானாக்ரிசியா ஊர் வரை, 1982-ல் பிளைனாவ் வரை.

இன்னொன்று எண்ணெய். பாதையோரம் காட்டு மரங்கள். நிலக்கரிப் பொறி விழுந்தால் தீ. 1970-ல் லிண்டா எஞ்சினை எண்ணெய்க்கு மாற்றினார்கள்.

பாய்லர்பாண்டி:
எண்ணெய் பற்றிப் புகழ்வதற்கு முன் செலவையும் சொல்லணும். எண்ணெயைப் பொடித்துத் தூவவே நீராவி வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது ஏது? வேறு எஞ்சினிலிருந்து நீராவியோ, அழுத்தக் காற்றோ கடன் வாங்கணும். குழாய்களில் படியும் கரியை அகற்ற ஓட்டத்திலேயே கொஞ்சம் மணலை நெருப்பறைக்குள் வீச வேண்டும், இழுப்பு அதைக் குழாய் வழியே உரசிக்கொண்டு போகும். நெருப்பைச் சட்டென்று கூட்டுவதும் அணைப்பதும் எளிது என்பதே ஆபத்து. தகடு சூடாகிக் குளிர்ந்து சூடாகி, குழாய்கள் பொருத்திய இடத்தில் கசிவு தொடங்கும். நம்ம குன்னூர் மலை ரயிலில் எண்ணெய்க்கு மாற்றிய எக்ஸ் வகை எஞ்சின்களுக்கும் இதே கவனம் தேவை. ஃபெஸ்டினியோக் பிற்பாடு நிலக்கரிக்கே திரும்பியது.

எண்ணெய்விளக்கு:
காடு எரிந்துகொண்டிருந்த வருஷத்தில் எடுத்த முடிவை, காடு எரியாத வருஷத்தில் நின்று திருத்துகிறீர்கள்.

இருப்புப்பாதை:
சரிவுமானி ஐயாவுக்கு ஒரு கேள்வி. இப்போது கல் இறங்குவதில்லை. வருவது பயணிகள், அவர்கள் போர்த்மடோக்கில் ஏறி மேலே போகிறார்கள். முழு லோடும் ஏற்றத்தில். உங்கள் ஜேம்ஸ் கணக்குப் போட்ட இலவச இறக்கம் இன்று யாருக்கு லாபம்? அந்த ஏற்றத்தில் நீளமான வண்டியை இழுப்பது மகன் கொண்டுவந்த இரட்டை எஞ்சின்தானே. 1979-லும் 1992-லும் அதே வகையைப் புதிதாகச் செய்தார்களே!

சரிவுமானி:
92-க்கு 1 என்பதால்தான் இழுக்கிறது. 40-க்கு 1 போட்டிருந்தால் உங்கள் இரட்டை எஞ்சின் பாதிப் பெட்டிகளோடு நின்றிருக்கும். டியால்ட் சுழலை ஏன் போட்டார்கள்? செங்குத்தாக ஏறாமல் பழைய சரிவையே காப்பாற்றத்தான். அப்புறம், 1872-ல் வாங்கிய இரட்டை ஃபேர்லிக்கு உங்கள் சார்ல்ஸ் காலத்திலேயே வைத்த பெயர் என்ன என்று பாருங்கள்: ஜேம்ஸ் ஸ்பூனர்.