சோஃபு பதுங்குகூடத்தில் ஒரு ஹியென்: டயோரமா செய்த அனுபவம்

மாடல் விமானங்கள் பற்றிய இந்த இழையில் எல்லோரும் விமானத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டீர்கள், பெயிண்ட், டெக்கல் என்கிற ஒட்டுப்படம், ரிவெட் எல்லாம் வந்துவிட்டது. நான் விமானம் நிற்கிற தரையைப் பற்றி எழுதுகிறேன். போர்க்கால ஜப்பானிய விமானத்தை வைத்து டயோரமா, அதாவது இடமும் மனிதர்களும் சேர்ந்த சிறு காட்சி செய்பவர்கள் பெரும்பாலும் கிட்டை (பெட்டியில் வரும் மாடல் பாகங்களை) அருமையாக முடித்துவிட்டு, கடைசி வாரத்தில் ஒரு பலகையில் பச்சைப் புல்லை ஒட்டி அதன் மேல் நிறுத்திவிடுகிறார்கள். எந்த ஊர், எந்த மாதம் என்று கேட்டால் பதில் இருக்காது. எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை, அதனால் இந்த முறை இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம்தான் பெட்டியைத் திறந்தேன்.

இடம் சோஃபு. டோக்கியோவின் மேற்குப் பக்கம், இன்று இசு தீவுகளுக்குச் சின்ன விமானங்கள் புறப்படுகிற அமைதியான விமான நிலையம். 1944, 45இல் தலைநகரைக் காக்க ஜப்பானியத் தரைப்படையின் 244வது செந்தாய் (விமானப் படைப்பிரிவு) அங்கேதான் இருந்தது, கையில் கவாசாகி கி-61 ஹியென். அந்தப் போரில் ஜப்பான் பெரிய அளவில் தயாரித்த சண்டை விமானங்களில் (ஃபைட்டர்), நீர்மக் குளிர்ச்சி இன்ஜினோடு வந்தது இது ஒன்றுதான். ஜெர்மனியின் டிபி 601 இன்ஜினை உரிமம் வாங்கி ஹா-40 என்று செய்தார்கள். மூக்கு நீளமாக, ஒல்லியாக, வயிற்றுக்கடியில் ரேடியேட்டரோடு இருப்பதால் மற்ற ஜப்பானிய விமானங்களுக்கு நடுவில் வேற்று ஊர்க்காரர் மாதிரி தெரியும்.

நிலையத்தை ஒட்டி முசாஷினோ நோ மோரி என்று பூங்கா இருக்கிறது. அங்கே எந்தாய்கோ என்கிற கான்கிரீட் பதுங்குகூடங்கள் இரண்டு இன்னும் நிற்கின்றன. குண்டுவீச்சிலிருந்து விமானத்தைக் காப்பாற்ற 1944இல் அவசரமாகக் கட்டியவை, சோஃபுவைச் சுற்றி இப்படிச் சுமார் 60 இருந்தனவாம், அவற்றில் பாதியில் கூரையே கிடையாது. ஒன்றின் முகப்பை அடைத்து அதில் ஹியென் படம் வரைந்திருக்கிறார்கள். இன்னொன்றின் பக்கத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் வெண்கல மாதிரி, விமானம் உள்ளே எப்படி நின்றது என்று காட்டுவதற்காக. டயோரமா செய்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த மாதிரியைப் பார்த்ததும்தான் கூடத்தின் வடிவம் புரிந்தது. முன்பக்கம் இறக்கைக்காக அகலம், பின்பக்கம் வாலுக்காகக் குறுகித் தாழ்ந்து போகிறது. விமானத்தின் உருவத்துக்கே அளந்து தைத்த மாதிரி ஒரு கட்டடம்.

நான் டேப்பை வைத்துக்கொண்டு வெளிச்சுவரை அளந்துகொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்து நின்றார். பக்கத்து ஓசாவா பகுதியில் காய்கறி போடுகிறவர். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். எந்த மாதத்தில் வைக்கப் போகிறீர்கள் என்று அடுத்த கேள்வி. ஜனவரி என்றேன். உடனே என்னைப் புல்வெளி ஓரத்துக்குக் கூட்டிப்போய் வெறும் மண் தெரிகிற இடத்தில் காலால் மிதித்துக் காட்டினார், நொறுநொறுவென்று சத்தம். டோக்கியோவைச் சுற்றிய கான்தோ சமவெளியின் மண் எரிமலைச் சாம்பலில் உண்டானது, மேலே கருப்பு, அடியில் செம்பழுப்பு. குளிர்கால இரவில் அதற்குள் இருக்கிற ஈரம் ஊசி ஊசியாக உறைந்து மேல்மண்ணைத் தூக்கிவிடும், வெயில் ஏறியதும் உருகிச் சேறாகிவிடும். காலையில் ஐஸ், மத்தியானம் சகதி. நீங்கள் விமானத்தைத் தள்ளுகிற மனிதர்களை வைத்தால் அவர்கள் கால் எதில் புதைகிறது என்று யோசியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் டயோரமாவின் பாதி வேலையை அந்தப் பத்து நிமிடத்தில் அவர் செய்து கொடுத்தார் என்றுதான் சொல்வேன்.

ஆகவே பச்சைப் புல் கிடையாது. ஜனவரியில் அந்தப் பக்கம் வெயில் நன்றாக அடிக்கும், மழை குறைவு, புல் எல்லாம் வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடக்கும். 2 மி.மீ., 4 மி.மீ. நிலைமின் புல்லை (நிலைமின்சாரத்தால் நிமிர்ந்து நிற்க ஒட்டும் செயற்கை இழை) வெளிர்மஞ்சளும் பழுப்பும் கலந்து போட்டேன், பச்சை இழை எங்கோ சுவரடியில் மட்டும். மண்ணுக்கு உமிச்சாம்பலும் கருப்புப் பிக்மெண்டும் பசையும். கூடத்தின் வாசலில் சக்கரம் போய்ப் போய்ப் பள்ளமான இரண்டு தடம், அதில் மட்டும் பளபளப்பு வார்னிஷ், ஈரம் தெரிய. டயரிலும் சக்கரக் கால் மூடியின் அடிப்பாகத்திலும் அதே மண்ணையே பூசினேன். விமானத்துச் சேறும் தரைச் சேறும் வேறு வேறு நிறத்தில் இருக்கிற டயோரமாக்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன், பார்க்கிற கண் உடனே அதைப் பிடித்துவிடும்.

கூடத்தை நிஜத்தில் எப்படிக் கட்டினார்களோ அப்படியே கட்டினேன். மண்ணைக் குவித்து, அதன் மேல் கான்கிரீட் ஊற்றி, இறுகின பிறகு உள்ளிருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நானும் களிமண்ணைக் குவித்து, மேலே கம்பி வலை விரித்து, பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்த பிறகு அடியிலிருந்து களிமண்ணைச் சுரண்டி எடுத்தேன். உள்கூரையில் மண்ணின் சொரசொரப்பு அப்படியே பதிந்துவிட்டது, எந்தத் தூரிகையாலும் அதைக் கொண்டுவர முடியாது. அளவு: ஹியெனின் இறக்கை 12 மீட்டர், நிஜத்தில் 48இல் ஒரு பங்கான 1/48 அளவு மாடலில் 25 செ.மீ. உடல் நீளம் 8.94 மீட்டர், அதாவது 18.5 செ.மீ.க்குச் சற்றே அதிகம். வாசலுக்கு இரண்டு பக்கமும் ஒரு செ.மீ.தான் இடைவெளி விட்டேன். அந்த நெருக்கம் முக்கியம். ஒரு விரல் தப்பினால் இறக்கை நுனி சுவரில் இடிக்கும் என்று பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டும், அதற்காக இறக்கை நுனியில் ஒரு மெக்கானிக்கை நிறுத்தி, கையைத் தூக்கி மெதுவாக என்று சொல்கிற மாதிரி வைத்தேன்.

சரி, விமானம். டாமியாவின் 1/48 கி-61-1டி, 2016 இறுதியில் வந்த கிட். பொருத்தம் அற்புதம், அதைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டதால் கடந்து போகிறேன். பெயிண்ட் விஷயத்தில் மட்டும் ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஜப்பானிய விமானம் என்றாலே பெயிண்டை உரித்துத் தள்ளுகிற பழக்கம் வந்துவிட்டது. நியூ கினியில் வெயிலிலும் மழையிலும் கிடந்த விமானத்தின் புகைப்படத்தைப் பார்த்து, சோஃபுவில் கொட்டிலுக்குள் நின்ற விமானத்தையும் அதே மாதிரி உரிக்கிறார்கள். ஹியென் பல வெறும் டுராலுமின் (அலுமினியக் கலவை) உடலோடு வந்தன, அதன் மேல் கரும்பச்சையைத் திட்டுத் திட்டாக அடித்தார்கள். உரிவது உண்மைதான், ஆனால் எங்கே உரியும்? விமானி ஏறுகிற, இடது இறக்கை உடலோடு சேரும் இடம், இன்ஜின் மூடியைக் கழற்றுகிற விளிம்பு, வெடிபொருள் நிரப்பும் மூடிகள். மனிதக் கையும் காலும் படுகிற இடத்தில். நான் அங்கே மட்டும் செய்தேன். முதலில் பளபளப்புக் கருப்பு, அதன் மேல் அலுமினியம், பேனல் பேனலாகச் சாயலை மாற்றி, அப்புறம் பச்சையை நன்றாக நீர்க்கக் கரைத்துக் குறைந்த அழுத்தத்தில் ஏர்பிரஷை நெருக்கமாகப் பிடித்துத் திட்டுகள். ஹினோமாரு என்கிற சிவப்பு வட்டத்தையும் அதற்குப் பின்னால் வருகிற தாய்நாட்டுப் பாதுகாப்பு வெள்ளைப் பட்டையையும் டெக்கலில் போடாமல் மாஸ்க் வைத்து அடித்தேன். வெள்ளை முதலில், சிவப்பு பிறகு.

இந்தச் செந்தாயின் கதை தெரியாமல் இதைச் செய்ய முடியாது. தளபதி கோபாயாஷி தெருஹிகோவுக்கு அப்போது 24 வயது. அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் 10,000 மீட்டர் உயரத்தில் வரும், அந்த உயரத்தில் ஹியென் மூச்சு வாங்கும். எடை குறைக்கத் துப்பாக்கிகளையும் கவசத்தையும் கழற்றிவிட்டு நேராகப் போய் மோதுவதற்கென்றே ஒரு பிரிவு அமைத்தார்கள். 1944 டிசம்பர் 3 அன்று இந்தச் செந்தாயின் மூன்று பேர் மோதி, மூவரும் உயிரோடு திரும்பினார்கள். கோபாயாஷியே 1945 ஜனவரி 27 அன்று மோதி பாராசூட்டில் இறங்கினார். மோதுகிற காட்சியைச் செய்யச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள், எனக்கு மனம் வரவில்லை. மேலே பறந்தவர்களும் மனிதர்கள், கீழே எரிந்த ஊர்களிலும் மனிதர்கள். அதனால் விமானத்தைக் காலையில் வெளியே தள்ளுகிற காட்சி. ஆறு மெக்கானிக்குகள், விமானி இல்லை. இந்த இன்ஜினோடு அல்லாடியவர்கள் அவர்கள்தானே, கிராங்க்ஷாஃப்ட் தகராறு, எண்ணெய்க் கசிவு, உதிரிப்பாகம் இல்லாமை, எல்லாம் அவர்கள் தலையில்.

நேரில் ஹியெனைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

*

அண்ணா, நான் பார்த்திருக்கிறேன். கிஃபு மாவட்டத்தில் ககாமிகஹாரா விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில். ஜப்பானில் முழு உருவில் மிஞ்சியது அந்த ஒன்றுதான், கி-61-2 காய் என்கிற பிந்தைய வகை. போர் முடிந்தபோது அமெரிக்கர்கள் ஃபுஸ்ஸாவில் கண்டெடுத்து, 1953இல் திருப்பிக் கொடுத்தது. ரொம்ப வருடம் தெற்கே சிரான் ஊரில் இருந்தது, கவாசாகி நிறுவனம் பிரித்துச் சீர்செய்து 2016இல் கோபேயில் வைத்தார்கள், 2018 முதல் ககாமிகஹாரா.

நான் பச்சை நிறத்தில் எதிர்பார்த்துப் போனேன், அங்கே பெயிண்டே இல்லை! முழுக்க வெறும் உலோகம். ஆனால் மாடல் செய்கிறவர்களுக்கு அதுதான் நல்லது. ஒரே விமானத்தில் தகடுக்குத் தகடு நிறம் மாறுகிறது, சிலது சாம்பல் சாயல், சிலது லேசாக மஞ்சள் சாயல், ரிவெட் வரிசை ஓரத்தில் தகடு மெல்ல அலை பாய்கிறது. 1/48இல் அந்த அலையைச் செய்ய வழியில்லை, நிறத்தை மாற்றித்தான் ஏமாற்ற வேண்டும். நீங்கள் பேனல் பேனலாகச் செய்தது சரியான வழி. நான் வயிற்றுக்கடியில் குனிந்து ரேடியேட்டரைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் உள்ளே கருப்பு அடித்துவிட்டு விடுகிறோமே, முன்பக்கத் தேன்கூட்டுச் சல்லடையில் கொஞ்சம் உலோகத் தேய்ப்புக் கொடுத்தால் அப்படி அழகாக இருக்கும்.

இன்னொன்று. அடுத்த டயோரமாவுக்கு யோசனை: இன்ஜின் வராததால் மூக்கில்லாமல் வரிசையாக நின்ற ஹியென் உடல்கள். அவற்றில் 275க்கு சிலிண்டர்கள் நட்சத்திரம் போல வட்டமாக இருக்கிற இன்ஜினைப் பொருத்தி கி-100 ஆக்கினார்கள், 244வது செந்தாயும் 1945இல் அதற்கு மாறியது. தொழிற்சாலை முற்றத்தில் மூக்கில்லாத மூன்று உடல், தார்ப்பாய் போர்த்தி. யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

*

தம்பி, அருமையான யோசனை, ஹசெகாவா நிறுவனத்தின் பழைய கிட்கள் மலிவாகக் கிடைத்தால் அதற்கே வாங்கிவிடலாம். ரேடியேட்டர் சல்லடையை இன்றே தேய்க்கிறேன், விமானத்தை இன்னும் தரையில் ஒட்டவில்லை.

மேலே ஒருவர் ஸ்டார்ட்டர் லாரி வைக்கலாமே என்று கேட்டிருந்தார். வைக்கலாம், ஹியெனின் மூக்கு நுனியில் அதற்கான கொக்கி இருக்கிறது, லாரியின் தண்டை அதில் மாட்டிச் சுழற்றுவார்கள். ஆனால் அது கூடத்துக்கு வெளியே, விமானம் திறந்தவெளிக்கு வந்த பிறகு நடக்கிற வேலை. என் பலகை 40க்கு 30 செ.மீ., அதில் லாரியையும் நுழைத்தால் தள்ளுகிறவர்களின் பாரம் தெரியாமல் போய்விடும். மெக்கானிக் உருவங்களுக்கு 1/48இல் தள்ளுகிற நிலையில் சரியானது எனக்குக் கிடைக்கவில்லை, நிற்கிற உருவங்களின் இடுப்பையும் முழங்காலையும் வெட்டி, கம்பி செருகிச் சாய்த்து, எபாக்சி புட்டியால் சட்டை மடிப்பு போட்டேன். சாய்வு முதுகிலிருந்து வரக்கூடாது, கணுக்காலிலிருந்து வர வேண்டும், அப்போதுதான் எடை தெரியும். வெட்டின இடங்களின் படங்களை நாளைக்கு ஏற்றுகிறேன்.