மூலைக்கல்லா, அச்சாணியா?

> keystone species (சிறிதாயிருந்தும் ஒரு சூழலையே நிலைநிறுத்தும் உயிரினம்) என்பதற்கு 'மூலைக்கல் இனம்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. நம் குமரி மாவட்டத்தில் மூலைக்கல் என்றதும் தேவாலய அஸ்திவாரம்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது வளைவின் உச்சியில், இருபுறக் கற்களையும் இறுக்கி நிறுத்தும் ஆப்புக்கல்லை (keystone). அடியில் கிடந்து பாரம் தாங்குவதற்கு 'அடித்தள இனம்' என்ற வேறு சொல் இருக்கிறது. மணக்குடிக் காயலின் அலையாத்தி மரங்கள் அந்த வகை. கூட்டமாக நின்றால்தான் அவற்றுக்குப் பலன்.

அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் பெயின் 1963 முதல் வாஷிங்டன் மாநிலக் கரையில் ஒரு பாறைப்பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களைப் பெயர்த்துக் கடலில் எறிந்துவந்தார். தின்ன ஆளில்லாமல் சிப்பி பெருகி, 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன. முட்டம், கடியபட்டணம் பாறைகளில் சிப்பி எடுப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிப்பிகள் நூல்விட்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றிக்கொண்டால் பாசிக்கும், பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசுக்கும் (barnacle) ஒட்ட இடமேது? பெயின் இத்தகைய இனத்துக்கு keystone என்ற பெயரை வைத்தது 1969இல்.

ஆகவே சொல்லில் இரண்டு கருத்து வரவேண்டும்: அளவில் சிறிது, கழன்றால் எல்லாம் சரியும். 'அச்சாணி இனம்' இரண்டையும் தருகிறது. உருவம் கண்டு எள்ளாதே, பெருந்தேருக்கு அச்சாணி போன்றவரும் உண்டு என்று 667ஆம் குறளிலேயே ஆட்சி இருக்கிறது.

மறுமொழி:

சொல் நன்று, ஒரு தடை உண்டு. மேடையில் 'பொருளாதாரத்தின் அச்சாணி' என்று சொல்லிச் சொல்லி, முக்கியமானது எதுவும் அச்சாணி ஆகிவிட்டது. இப்படியே விட்டால் நாளை ரப்பரையும் தென்னையையும் பாடக்குறிப்பில் அச்சாணி இனம் என்பார்கள். அவை எண்ணிக்கையால் ஆள்பவை, 'ஆதிக்க இனம்'. வரையறையில் 'தன் எண்ணிக்கைக்கு மிஞ்சிய விளைவு' என்ற தொடர் கட்டாயம் வேண்டும்.

எடுத்துக்காட்டுக்குக் காட்டு அத்தி வகைகளைச் சேர்க்கலாம். மரத்துக்கு மரம் பழுக்கும் காலம் வேறு. மற்றவை காய்க்காத மாதத்திலும் எங்காவது ஒன்று பழுத்து இருவாச்சிக்கும் மலையணிலுக்கும் தீனி தரும். ஆனால் ஒற்றை மரத்தை விட்டுவைத்தால் போதும் என்று எழுதிவிடாதீர்கள். அத்திக்குளவி காயின் வாய்த்துளையில் சிறகு முறியப் புகுந்து முட்டையிட்டு உள்ளேயே சாகும். வெளிவரும் அடுத்த தலைமுறைக்கு ஆயுள் ஓரிரு நாள்தான். அதற்குள் பிஞ்சு பிடித்த வேறு மரம் எட்டாவிட்டால் மகரந்தச் சேர்க்கை அற்றுப்போகும்.

கூட்டுச்சொற்கள்: அச்சாணி இரைகொல்லி, அச்சாணித் தாவரம். 'இனம்' இல்லாமல் வெறும் அச்சாணி என்று பதிய வேண்டாம்.