டிசம்பர் 26 அன்று கதவைத் தட்டுபவர்கள்: கெர்ரிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி:

வணக்கம். அயர்லாந்தின் கெர்ரி கவுண்டிக்கு அக்டோபரில்தான் குடும்பத்துடன் வந்தோம். டிரலீ நகரத்திலிருந்து சற்றுத் தள்ளி, கிராமத்துச் சாலையோரத்தில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரரின் தாயார் நேற்று வந்தபோது, "ஸ்டீபன்ஸ் டே அன்று வீட்டில் இருந்தால் கொஞ்சம் சில்லறை எடுத்து வையுங்கள், ரென் வந்தாலும் வரும், இப்போதெல்லாம் யார் வருகிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். இணையத்தில் தேடினால் ஒரு சின்னஞ்சிறு குருவியின் படமும், தலை முதல் கால் வரை வைக்கோலால் மூடிக்கொண்ட ஆட்களின் படமும் வருகின்றன. வீட்டில் 6 வயது மகள் இருக்கிறாள். பயந்துவிடுவாளோ என்று கவலையாக இருக்கிறது. இது என்ன வழக்கம், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்:

சகோதரி, கவலைப்பட ஒன்றுமில்லை. உங்கள் வீட்டுக்காரரின் தாயார் உங்களுக்கு முன்னெச்சரிக்கை செய்ததைவிட, தமக்குப் பிடித்த ஒரு பழைய நாளை நினைத்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் சில்லறை எடுத்து வையுங்கள்.

டிசம்பர் 26 இங்கே புனித ஸ்டீபன் நாள், அரசு விடுமுறை. (பிரிட்டனில் சொல்வதுபோல் இதை பாக்சிங் டே என்று சொல்லிவிடாதீர்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள், ஆனால் முகம் சற்று மாறும்.) முன்பெல்லாம் அன்று காலையில் பையன்களும் இளைஞர்களும் கூட்டமாகக் கிளம்பி, புதர்களிலும் வேலிகளிலும் ஒளிந்து திரியும் ரென் என்ற குருவியைத் தேடிப் பிடித்துக் கொன்று, ஹாலி மரக் கிளையிலோ கம்பின் நுனியிலோ கட்டி, வண்ண ரிப்பன்களால் அலங்கரித்து, வீடு வீடாகச் சென்று பாடினார்கள். குருவி பறவைகளுக்கெல்லாம் அரசன், உருவில் சிறியதானாலும் குலத்தில் பெரியது, அதை அடக்கம் செய்யக் காசு கொடுங்கள் அம்மா என்பதுதான் அந்தப் பாட்டின் சாரம். கொடுக்காத வீட்டின் வாசலில் குருவியைப் புதைத்துவிட்டால் அந்த வீட்டுக்கு ஆண்டு முழுதும் நல்லது நடக்காது என்றொரு நம்பிக்கையும் சில ஊர்களில் இருந்தது. குருவியைக் கொல்வது நின்று நெடுங்காலம் ஆகிறது. 1976ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட பறவை. இன்று கம்பில் தொங்குவது பொம்மையாகவோ வெறும் இலைக்கொத்தாகவோதான் இருக்கும்.

ஏன் அந்த 10 கிராம் குருவி மீது அவ்வளவு வன்மம் என்று கேட்டால் கதைகள் வரும். ஒளிந்திருந்த புனித ஸ்டீபனைக் கீச்சிட்டுக் காட்டிக் கொடுத்தது என்பார்கள். இரவில் பதுங்கிச் சென்ற ஐரிஷ் படை எதிரியை நெருங்கும்போது பறையின் மேல் சிதறிக் கிடந்த ரொட்டித் துணுக்குகளைக் கொத்தி ஓசை எழுப்பி, தூங்கிய எதிரியை விழிக்க வைத்துவிட்டது என்பார்கள்; அந்த எதிரி ஓர் ஊரில் வைக்கிங்குகள், இன்னோர் ஊரில் 17ஆம் நூற்றாண்டில் படையெடுத்து வந்த ஆங்கிலேயத் தளபதி குரோம்வெல்லின் சிப்பாய்கள். யார் உயரப் பறக்கிறார்களோ அவர்களே அரசன் என்ற போட்டியில் கழுகின் முதுகில் ஒளிந்து ஏறி, கழுகு களைத்த கணத்தில் மேலே எழும்பி வென்றது என்ற கதையும் உண்டு. ஒரே குருவி மீது இத்தனை வழக்குகள் இருந்தால் ஒன்றுகூட உண்மைக் காரணமாக இருக்காது என்பது என் எண்ணம். வழக்கம் முந்தியது, காரணங்கள் பிந்தியவை. உங்கள் மகளுக்குக் கழுகுக் கதையை முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும், வைக்கோல் மனிதர்கள் வந்தால் கதவைத் திறக்க அவளே முதலில் ஓடுவாள்.

வருகிறவர்கள் தம்மை மறைத்துக்கொண்டு வருவதுதான் இதன் உயிர். வைக்கோலால் பின்னிய உடையும் கூம்பு முகமூடியும், பழைய கோட்டை உள்வெளியாகத் திருப்பிப் போடுவது, ஆண்கள் பெண் உடை அணிவது எல்லாம் அதற்காகத்தான். நம் ஊரில் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டவர்கள் காளி, குரங்கு, ராஜா என்று வேடமிட்டுக் காணிக்கை கேட்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு இதன் தோற்றம் அந்நியமாக இருக்காது. ஆனால் இங்கே நேர்த்திக்கடன் கிடையாது, விளையாட்டும் இசையும்தான். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். பழைய புகைப்படங்களில் முகத்தில் கரி பூசிய பையன்களைக் காண்பீர்கள். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு அது சட்டென்று உறுத்தும், எனக்கும் உறுத்தியது. அடுப்புக் கரியும் எரித்த கார்க்கும் பக்கத்து வீட்டாருக்கு அடையாளம் தெரியாமல் இருக்கக் கைக்கு அகப்பட்டவை, வேறு யாரையும் கேலி செய்வதற்கல்ல என்று தெரிந்த பிறகு எனக்கு உறுத்தல் குறைந்தது. உங்களுக்குக் குறையாவிட்டாலும் அதில் தவறில்லை.

நடைமுறைக்கு வருவோம். 24ஆம் தேதியே கொஞ்சம் நாணயங்களும் சில 5 யூரோ நோட்டுகளும் எடுத்து வைத்துவிடுங்கள். அட்டையைத் தட்டியே பழகிய நம் வீடுகளில் அன்று பார்த்துக் காசே இருக்காது, 25 அன்று கடைகளும் திறக்காது. கூட்டம் வந்தால் 2 யூரோவோ 5 யூரோவோ கொடுக்கலாம், பெரும்பாலும் ஏதாவது அறப்பணிக்குத்தான் போகும், எதற்கு என்று கேட்பதில் தப்பில்லை. சமையலறை வரை வந்து ஒரு பாட்டு வாசித்துவிட்டுப் போவது பழைய முறை. விருப்பமிருந்தால் உள்ளே அழையுங்கள், தனியாக இருந்தால் வாசலிலேயே கேட்டுவிட்டு அனுப்புங்கள். முகமூடியை இழுத்துப் பார்க்கக் கூடாது. குழந்தைகள் வந்தால் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். யாரும் வரவில்லை என்றால் மனம் வருந்தவும் வேண்டாம். உங்கள் சாலையில் வராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம்.

இந்த வழக்கம் ஏன் தேய்ந்தது என்பதற்குக் காரணங்கள் பல, அவற்றில் சில நேரடியானவை. வசூலான காசில் போர்ட்டர் என்ற கறுப்பு பீர் பீப்பாயும் தேயிலையும் ரொட்டியும் வாங்கி ஒரு பண்ணை வீட்டில் ரென் நடனம் வைப்பார்கள். பாதிரியார்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை, 1935இல் வந்த பொது நடனக்கூடச் சட்டம் வீட்டு நடனங்களை அடக்கவும் அவர்களுக்குக் கைகொடுத்தது. 1950களில் மட்டும் ஏறக்குறைய 4 லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். கிளையைத் தூக்கிக்கொண்டு சுற்ற வேண்டிய வயதினரே அவர்களில் மிகுதி. 1961 டிசம்பர் 31 அன்று இந்நாட்டின் தொலைக்காட்சி தொடங்கிய பின் மாலை வேளைகள் வேறு மாதிரி ஆகிவிட்டன. நாட்டைவிட்டுப் போய் வாழ்கிற நமக்கு இரண்டாவது காரணம் விளக்கம் இல்லாமலே புரியும்.

மற்றொரு பதில்:

மேலே எழுதிய அண்ணன் சொன்னவற்றோடு ஒன்று சேர்க்கிறேன். நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். இங்கே வரும் தமிழர்களில் பலர் இதே வேலையில்தான் சேர்கிறார்கள் என்பதால் இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

டிசம்பரில் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுக்க இதைவிட நல்ல வாசல் கிடையாது. ஆனால் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. "அந்தக் குருவியை ஏன் கொன்றீர்கள்?" என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், சிலர் வெட்கப்படுவார்கள், சிலர் ஸ்டீபன் கதையைப் பள்ளிப் பாடம்போல ஒப்பித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். "முதலில் எந்த வீட்டுக்குப் போவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். சாலை முழுதும் வரும். எந்த வீட்டில் நாய் அவிழ்த்துவிடப்பட்டிருக்கும், எந்த வீட்டில் பென்னிக்குப் பதில் கேக் துண்டு கிடைக்கும், எந்த வீட்டுக்காரர் விளக்கை அணைத்துவிட்டு ஆள் இல்லாததுபோல் இருப்பார், கடைசியில் வேலி மேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து காசைப் பிரிக்கும்போது எண்ணியவன் எவ்வளவு அமுக்கினான் என்பது வரை வரும். குருவியைப் பற்றி அவர்களுக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். நினைவில் நிற்பது வழியும் வீடுகளும்.

எங்கள் இல்லத்தில் அடுத்தடுத்த ஊர்களைச் சேர்ந்த இரு பெரியவர்களுக்குள் இதில் ஒரு வழக்கு தீராமல் இருக்கிறது. ஒருவர், நாங்கள் உண்மையான குருவியைத்தான் பிடித்தோம் என்கிறார். மற்றவர், உங்கள் ஊர்க்காரர்கள் உருளைக்கிழங்கில் இறகைச் செருகி ஊரை ஏமாற்றினார்கள் என்கிறார். உருளைக்கிழங்குக் குருவி பல ஊர்களில் இருந்ததுதான் என்று படித்திருக்கிறேன், ஆனால் அதைச் சொல்லி வழக்கை முடித்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு அம்மையார், பெண்பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள் என்பதால் அண்ணனின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, வாயே திறக்காமல் கூட்டத்தோடு நடந்தாராம். சொந்தச் சித்தியே அடையாளம் தெரியாமல் காசு போட்டதை இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார்.

இசைக்கருவி பற்றியும் கேளுங்கள். பப்களில் இப்போது எங்கும் பார்க்கும் பௌரான் என்ற ஒற்றை முக ஆட்டுத்தோல் பறை, 1960களில் இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா அதை மேடைக்குக் கொண்டுவரும் வரை, இந்தப் பக்கங்களில் பெரும்பாலும் ரென் நாளுக்காகவே பரணிலிருந்து இறங்கிய கருவி. வட கெர்ரியில் பழைய ஆட்கள் குச்சி இல்லாமல் கையாலேயே அடிப்பார்கள். மேலே சொன்ன பெரியவர்களில் ஒருவர் நாற்காலிக் கைப்பிடியில் எனக்கு அடித்துக் காட்டினார்: மணிக்கட்டைத் தளர்த்தி, விரல் முட்டி ஒரு முறை, அதே வீச்சில் திரும்பும்போது கட்டைவிரல் பக்கம் ஒரு முறை. நடுக்கம் உள்ள கைதான்; அடிக்கும்போது மட்டும் நடுக்கம் தாளத்துக்குள் போய்விட்டது.

ஒரு வேண்டுகோள். கேட்டவற்றை எழுத விரும்பினால் அவர்களுடைய பெயரையும் ஊரையும் எழுதாதீர்கள், இல்ல நிர்வாகத்திடம் கேட்காமல் பதிவு செய்யாதீர்கள். "அழிந்துகொண்டிருக்கும் உங்கள் பண்பாடு" என்ற தொனியில் ஆறுதல் சொல்வதையும் தவிர்த்துவிடுங்கள். அவர்கள் அதை அப்படி நினைக்கவில்லை.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகங்கள். எங்கள் ஊரில் இது எப்படி நடந்தது என்று வீட்டுக்காரரின் தாயாரிடம் கேட்பதற்கு முன்பே கொஞ்சம் தெரிந்துகொள்ள வழி உண்டா? யாரும் வராவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க இடம் உண்டா?

பதில்:

முதல் கேள்விக்கு அருமையான வழி இருக்கிறது. 1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், தொடக்கப்பள்ளி மேல் வகுப்பு மாணவர்களைக் கொண்டு அவரவர் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுத வைத்தது. அந்த நோட்டுப் புத்தகங்கள் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் தேசிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பில் இருக்கின்றன. டூகஸ் (duchas.ie) என்ற இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். கவுண்டி, ஊர், பள்ளி வாரியாகத் தேடலாம். குழந்தைக் கையெழுத்தில் ஒரு பக்கம், சில சமயம் அரைப் பக்கம்தான் இருக்கும்: யார் போனார்கள், என்ன உடை, எவ்வளவு கிடைத்தது. உங்கள் ஊரின் பக்கம் கிடைத்தால் அதை அச்சிட்டுக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் காட்டுங்கள். எழுதிய பிள்ளையின் வீட்டாரை அவருக்குத் தெரிந்திருக்கவும் கூடும், அதன் பிறகு நீங்கள் கேள்வியே கேட்க வேண்டியிராது.

இரண்டாவதற்கு, உங்களுக்கு டிங்கிள்தான் பக்கம்; டிரலீயிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர், காரில் 1 மணி நேரம். வழக்கம் அறுபடாமல் வலுவாக இருக்கும் ஊர் அது. அங்கே ரென் என்பதை ரான் என்று உச்சரிப்பார்கள். கோட் ஸ்ட்ரீட், கிரீன் அண்ட் கோல்ட் என்று தெருவுக்கும் வண்ணத்துக்கும் ஒரு குழு. குழல், பறை, வைக்கோல் உடை, வெள்ளைத் துணி போர்த்திய மரக் குதிரை என்று நண்பகலிலிருந்து இரவு வரை ஊரைச் சுற்றுவார்கள், ஒரு குழு இன்னொன்றைவிடச் சத்தமாக வாசிக்க முயலும். டப்ளினில் இருப்பவர்கள் சாண்டிமவுண்ட் திடலுக்குப் போகலாம். அது மேடை இசையோடு கூடிய, குழந்தைகளுக்கு ஏற்ற நிதானமான விழா. டிங்கிளில் மாலை நாலரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும், அதற்குப் பின் பப் கூட்டம் தெருவுக்கு வந்துவிடும் என்பதால், குழந்தையோடு போகிறவர்கள் முற்பகலிலேயே போய், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுவது நல்லது. அன்று பேருந்தை நம்பாதீர்கள். ஊருக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு நடந்து செல்லுங்கள், மழைக்கோட்டும் மகளின் காதுக்குக் குல்லாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பறைச் சத்தம் குறுகிய தெருவில் மிகப் பலமாகக் கேட்கும்.