மறு: டயர் ரொட்டேஷன் – ‘சுழற்சி’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். கார் கையேட்டு மொழிபெயர்ப்பில் ‘டயர் ரொட்டேஷன்’, அதாவது நான்கு டயரும் ஒன்றாகத் தேய அவற்றை அவ்வப்போது இடம் மாற்றிப் பூட்டுவது, இந்த ஒரு சொல்லால் நான்கு நாளாக நின்றுகொண்டிருக்கிறேன். வந்த யோசனைகளுக்கு மொத்தமாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

> பயிர்ச்சுழற்சி என்று ஏற்கெனவே இருக்கிறதே. அதே வழியில் டயர் சுழற்சி என்றால் என்ன?

ஐயா, பயிர் சுழலாது. அதனால் பயிர்ச்சுழற்சி என்றால் யாரும் குழம்புவதில்லை. டயருக்கு வேலையே சுழல்வதுதான். ‘10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர் சுழற்சி செய்யவும்’ என்று அச்சடித்தால், அதுவரை வண்டி எப்படி ஓடியது என்று கேட்பார்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. சில டயர்களின் பக்கவாட்டில் அது எந்தப் பக்கமாகச் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருக்கும். ‘சுழற்சித் திசை’ என்று அதற்குத்தான் வேண்டியிருக்கிறது. கையேட்டின் ஒரே பக்கத்தில் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்க முடியாது.

> டயர் மாற்றம் போதும்.

இதில் நான் சொந்தமாகவே அடிபட்டவன். போன வருடம் ஒரு பட்டறையில் பையன் வண்டியைச் சுற்றி வந்து, “நாலு டயரும் மாத்தணும் சார்” என்றான். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நான்கு புது டயர் விலையை மனத்தில் கூட்டிக்கொண்டிருக்கும்போது, “முன்னாடி இருக்கிறத பின்னாடி மாத்திப் போட்டா போதும்” என்று முடித்தான். ‘மாற்று’வுக்கும் ‘மாற்றிப்போடு’வுக்கும் நடுவே அவ்வளவு பணம் இருக்கிறது.

அந்தப் பையன் சொன்ன ‘மாத்திப் போடுறது’தான் விதை என்று நினைக்கிறேன். நடப்பதும் அதுதானே. நம் ஊர்ச் சின்னக் கார்கள் பெரும்பாலும் முன்சக்கர இழுவை. இழுப்பதும் முன் டயர், திரும்புவதும் முன் டயர், பிரேக் பிடித்தால் பாரம் வந்து விழுவதும் முன் டயர்மேல். பின்னால் இருக்கிற இரண்டும் கூடவே உருண்டு வருகின்றன, அவ்வளவுதான். அப்படியே விட்டால் முன்னிரண்டும் மொட்டையாகும்போது பின்னிரண்டில் பாதி ஆயுள் மிச்சம் இருக்கும். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடத்தை மாற்றினால் நான்கும் ஏறக்குறைய ஒன்றாகத் தேயும். ஆக, சொல்லில் தெரிய வேண்டியது ‘இடம்’. என் முன்மொழிவு: டயர் இடமாற்று. வினையாக வந்தால் ‘டயர்களை இடம்மாற்றிப் போடவும்’.

> அரசு ஊழியர் இடமாற்றம் மாதிரி இருக்கிறது!

இருக்கட்டுமே. அங்கும் ஆள் அதே ஆள், ஊர்தான் வேறு. ‘டயருக்கு டிரான்ஸ்ஃபர்’ என்று சிரித்துக்கொண்டே நினைவில் வைத்துக்கொண்டால் கலைச்சொல்லுக்கு அதைவிட என்ன வேண்டும்?

> முறைப்பாசனம்போல ‘முறைமாற்று’?

தவணைப்படி செய்ய வேண்டிய வேலை என்பதைச் சொல்கிற அழகான சொல். ஆனால் முதன்முறை படிப்பவர் ‘செய்முறையை மாற்று’ என்றுதான் எடுத்துக்கொள்வார். மனமில்லாமல்தான் விடுகிறேன்.

இடமாற்றை ஏற்றால் அதன் பிள்ளைகளுக்கும் எளிதாகப் பெயர் வைக்கலாம். ஒரே பக்கத்தில் முன்னும் பின்னும் மாறினால் நேர் இடமாற்று. இடப்பக்க டயர் வலப்பக்கத்துக்கும் வலப்பக்க டயர் இடப்பக்கத்துக்கும் மாறினால் குறுக்கு இடமாற்று. முன்சக்கர இழுவை வண்டியில் வழக்கமாக முன் டயர்கள் நேராகப் பின்னால் போகும். பின் டயர்கள் குறுக்காக முன்னே வரும். பின்சக்கர இழுவையில் இது தலைகீழ். பின்னவை நேராக முன்னே, முன்னவை குறுக்காகப் பின்னே.

மேலே சொன்ன அம்புக்குறி டயருக்குத் ‘திசைக்கட்டு டயர்’ என்று வைத்திருக்கிறேன். அதற்கு நேர் இடமாற்று மட்டும்தான். பக்கம் மாற்ற வேண்டுமென்றால் ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் பூட்ட வேண்டும். ஏர் பூட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும்: வலத்தன், இடத்தன் என்று பழக்கிய மாடுகளைப் பக்கம் மாற்றிக் கட்டிப் பாருங்கள். வலத்தன் டயர், இடத்தன் டயர் என்றே போட்டுவிடலாமா என்றுகூட ஆசை வந்தது. ஆனால் கையேட்டைப் படிக்கப்போகிறவர்களில் எத்தனை பேர் ஏர் பிடித்திருப்பார்கள்?

> முதலில் டயருக்குத் தமிழ் வேண்டாமா? சக்கரப்பட்டை என்று...

இந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. பஞ்சர் கடையில் போய்ச் சக்கரப்பட்டை கேட்பவரை நான் பார்த்ததில்லை. இலங்கை நண்பர் ‘ரயர்’ என்றுதான் எழுதுவோம் என்கிறார், தாராளமாக. ‘ரயர் இடமாற்று’ என்றாலும் பின்பாதி மாறாது. ஸ்டெப்னியையும் தொட வேண்டாம். வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரில் ஸ்டெப்னி என்றொரு தெரு. அங்கே 1904 வாக்கில் உதிரிச் சக்கரம் செய்து விற்ற கம்பெனி தெருப்பெயரையே அதற்கு வைத்தது. இன்று நம் லாரி ஓட்டுநர் அதை நம் சொல்லாகத்தான் சொல்கிறார். அது மற்ற நான்கின் அளவிலேயே இருந்தால் அதையும் வரிசையில் சேர்த்து ‘ஐந்து டயர் இடமாற்று’ செய்யலாம். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் சேர்க்கக் கூடாது.

அகராதிக்கு அனுப்பும் விளக்கத்தில் ஒரு வரி கூடுதலாகப் போட்டிருக்கிறேன்: ‘இடமாற்றுக்குப் பிறகு காற்றழுத்தத்தைச் சரிபார்க்கவும்’. முன்னுக்கும் பின்னுக்கும் வேறு அழுத்தம் சொல்லியிருக்கிற வண்டிகளில் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) வேறு, பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது) வேறு; இரண்டும் தனி இழையில் வரட்டும்.

எனக்கு இன்னும் தீராதது ஒன்று. டயரின் மேல்பரப்பில் மேடும் பள்ளமுமாக இருக்கும் வரிகளைக் கடையில் ‘பட்டன்’ என்கிறார்கள். ‘பட்டன் தேஞ்சிடுச்சு’ என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கூட மொழிபெயர்ப்பவர், சட்டைப் பட்டன் ஞாபகம் வருகிறது, வேண்டாம் என்கிறார். பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் தேய்வுக்குறியை விளக்கும் பக்கம் இதற்காகவே காத்திருக்கிறது. பட்டனுக்கு யார் யார் கை தூக்குகிறீர்கள்?